10 மீற்றருக்கு எத்தனை மடங்கு வேண்டும்? எயார் ரைபிள் ஸ்கோப் தெரிவுக்கு ஒரு வழிகாட்டி

பிரித்தானியாவில் எயார் ரைபிள் கழகங்களில் சேரும் எமது ஆட்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, எத்தனை மடங்கு ஸ்கோப் வாங்கிறது?" கேட்பவர்கள் இரு வகையினர். ஒரு பகுதியினர் பதின்ம வயதுப் பிள்ளைகளைக் கழகத்தில் சேர்த்துவிட்ட பெற்றோர். மற்றையவர்கள் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்கள். அவர்களில் சிலர் போரில் காயப்பட்டவர்கள். ஓடியாடி விளையாட உடம்பு இடம்கொடாததால், மேசையில் இருந்தபடியே செய்யக்கூடிய ஒரு விளையாட்டைத் தேடி வந்தவர்கள்.

இவர்களுக்குக் கடையிலும் இணையத்திலும் முதலில் காட்டப்படுவது பெரிய இலக்கங்கள்: 6-24, 8-32. விலையும் அதற்கேற்பக் கூடும். 10 முதல் 25 மீற்றர் வரையான தூரத்துக்கு அந்தப் பெரிய இலக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. பல வேளைகளில் இடைஞ்சலாகவும் இருக்கும். குறுந்தூரத்துக்கு ஸ்கோப் தெரிவு செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அது எவ்வளவு கிட்டத்தில் உள்ள பொருளைத் தெளிவாகக் காட்டும் என்பதையே. உருப்பெருக்கம் இரண்டாவது. அதன் காரணங்களைக் கணக்குகளோடு கீழே தருகிறேன்.

துவக்கு என்ற சொல்லே எமது வீடுகளில் சிலருக்கு நெஞ்சை அடைக்கும் சொல். வாசிக்க மனமில்லாதவர்கள் கடந்து போகலாம். இங்கே எழுதுவது அட்டையில் துளையிடும் விளையாட்டைப் பற்றி மட்டும்தான்.

இலக்கங்கள் சொல்வது என்ன?

ஸ்கோப்பில் 4-12×40 என்று எழுதியிருந்தால், அதன் உருப்பெருக்கத்தை 4 மடங்கிலிருந்து 12 மடங்கு வரை மாற்றலாம் என்று பொருள். கடைசி 40 என்பது முன்பக்க வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். 4×32 என்றால் உருப்பெருக்கம் மாறாது, எப்போதும் 4 மடங்கு. இவற்றுக்குப் பின்னால் ஏஓ என்ற குறிப்பு இருந்தால், முன்வில்லையைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகித் தூரத்துக்கேற்பக் குவியத்தைச் சரிசெய்யலாம். சில ஸ்கோப்புகளில் இந்த வசதி பக்கவாட்டில் ஒரு குமிழாக இருக்கும்.

துளையைப் பார்க்க எவ்வளவு போதும்?

10 மீற்றரில் உள்ள அட்டையை 10 மடங்கில் பார்ப்பது, ஒரு மீற்றரில் நின்று வெறுங்கண்ணால் பார்ப்பதற்குச் சமம். 4 மடங்கில் பார்த்தால் இரண்டரை மீற்றரில் நிற்பதற்குச் சமம்.

சாதாரண பார்வையுள்ள கண்ணுக்கு 10 மீற்றரில் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் அளவான விபரம் பிரிந்து தெரியும். எயார் ரைபிள் போட்டிகளில் அதிகம் பயன்படும் ஈயக்குண்டின் விட்டம் 4.5 மில்லிமீற்றர். ஆகவே 10 மீற்றரில் துளை வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரிந்துவிடும். 25 யார்ட், அதாவது ஏறத்தாழ 23 மீற்றர் என்றால், கண்ணின் எல்லை 6 மில்லிமீற்றரைத் தாண்டிவிடும். துளை தெரியாது. அதே 25 யார்ட்டை 6 மடங்கில் பார்த்தால், நாலு மீற்றருக்கும் குறைவான தூரத்தில் நிற்பது போல. அங்கே ஒரு மில்லிமீற்றர் விபரமே பிரிந்து தெரியும்.

ஆகவே 25 யார்ட் வரை துளையைப் பார்ப்பதற்கு 6 மடங்கு தாராளம். அதற்கு மேல் கூட்டுவது, குறுக்குக் கோட்டை அட்டையின் மையத்தில் மேலும் நுணுக்கமாக நிறுத்துவதற்குத்தான். அந்த நுணுக்கத்தால் பயன் கிடைப்பது துவக்கு அசையாமல் இருந்தால் மட்டுமே.

கிட்டத்தில் தெளிவும் இடமாறு தோற்ற வழுவும்

பள்ளிக்கூட விஞ்ஞானகூடத்தில் அளவுகோலை வாசிக்கும்போது, கண்ணை நேரே வைக்காவிட்டால் வாசிப்புப் பிழைக்கும் என்று ஆசிரியர் சொல்லித் தந்தது நினைவிருக்கும். அதே இடமாறு தோற்ற வழு ஸ்கோப்பிலும் உண்டு. ஸ்கோப் எந்தத் தூரத்துக்குக் குவிக்கப்பட்டிருக்கிறதோ அந்தத் தூரத்தில் மட்டும் இலக்கின் படமும் குறுக்குக் கோடும் ஒரே தளத்தில் விழும். வேறு தூரத்தில் கண் சற்று விலகினாலே குறுக்குக் கோடு இலக்கின் மீது நகரும்.

குவியம் சரிசெய்யும் வசதி இல்லாத, பெரிய துவக்குகளுக்கான ஸ்கோப்புகள் பொதுவாக 100 யார்ட்டுக்குத் தொழிற்சாலையில் நிலைப்படுத்தப்பட்டவை. இந்த வழுவின் அதிகபட்ச அளவைக் கணிக்க எளிய வழி உண்டு. முன்வில்லையின் விட்டத்தில் பாதியை எடுங்கள். சுடும் தூரத்துக்கும் நிலைப்படுத்திய தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, நிலைப்படுத்திய தூரத்தால் வகுங்கள். 40 மில்லிமீற்றர் வில்லை, 100 யார்ட் நிலைப்பாடு, 10 யார்ட் இலக்கு என்றால்: 20 × 90 ÷ 100 = 18 மில்லிமீற்றர்.

சர்வதேச 10 மீற்றர் ரைபிள் அட்டையில் கறுப்பு வட்டத்தின் முழு விட்டமே 30.5 மில்லிமீற்றர். மையத்திலிருந்து 18 மில்லிமீற்றர் விலகிய குண்டு கறுப்புக்கு முழுவதும் வெளியே விழும். கையும் விசையும் சரியாக இருந்தும், கன்னம் சற்று இடம்மாறியதால் மட்டும் இவ்வளவு விலகலாம்.

இந்தக் கணக்கில் உருப்பெருக்கம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 4 மடங்கை 24 ஆக்கினாலும் இந்த வழு குறையாது. மாறாக, உருப்பெருக்கம் கூடும்போது தெளிவாகத் தெரியும் தூர எல்லை சுருங்கிவிடும். கிட்டக் குவியம் இல்லாத ஸ்கோப்பில் 10 மீற்றர் அட்டை 4 மடங்கில் ஓரளவு தெரியும். 12 மடங்கில் வெறும் சாம்பல் புகைதான்.

தீர்வுகள் மூன்று.

முதலாவது, 10 யார்ட் அல்லது அதற்குக் குறைவான தூரம் வரை குவியும் ஸ்கோப்பை வாங்குதல். வளையத்தில் உள்ள ஆகச் சிறிய இலக்கத்தைப் பாருங்கள். 25 அல்லது 50 என்று தொடங்கினால் உங்கள் தேவைக்கு அது சரிவராது.

இரண்டாவது, ஒவ்வொரு முறையும் கன்னத்தை ஒரே இடத்தில் வைத்துப் பழகுதல்.

மூன்றாவது, காசில்லாத வழி. கறுப்பு மட்டையில் 20 மில்லிமீற்றர் வட்டத் துளை வெட்டி முன்வில்லைக்கு மூடி போலப் போடுங்கள். மேற்சொன்ன கணக்கின்படி வழு பாதியாகும். தெளிவும் கூடும். வெளிச்சம் குறையும் என்பதுதான் இழப்பு. புது ஸ்கோப் வாங்க வசதியில்லாத சிலருக்கு இதைச் செய்து கொடுத்திருக்கிறேன்.

வழு இருக்கிறதா என்று அறிய, வெற்றுத் துவக்கை மணற்பையில் அசையாமல் வையுங்கள். துவக்கைத் தொடாமல், ஸ்கோப்பினூடாகப் பார்த்தபடி தலையை மெதுவாக மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசையுங்கள். குறுக்குக் கோடு அட்டையில் நகராமல் நின்றால் குவியம் சரி.

நடுக்கமும் உருப்பெருக்கமும்

நின்றபடி சுடும்போது எவருடைய துவக்கும் அசையும். உருப்பெருக்கம் அந்த அசைவைக் கூட்டுவதில்லை. கூட்டிக் காட்டுகிறது. அட்டையில் ஒரு சென்ரிமீற்றர் அசைவு 4 மடங்கில் நாலு சென்ரிமீற்றராகவும், 16 மடங்கில் பதினாறு சென்ரிமீற்றராகவும் கண்ணுக்குப் படும். அதைப் பார்த்தவுடன் மனம் பதறும். குறுக்குக் கோடு மையத்தைக் கடக்கும் கணத்தைப் பிடிக்க விரல் விசையைச் சுண்டும். குண்டு அங்கேதான் பிழைக்கிறது. அசைவைவிடச் சுண்டியதால் வரும் இழப்பு பெரிது.

இன்னொரு சிக்கல் பார்வைப் பரப்பு. 12 மடங்கில் தெரியும் அகலம் 4 மடங்கில் தெரிவதில் மூன்றிலொன்றுதான். கழகங்களில் அட்டைகள் வரிசையாக, நெருக்கமாகத் தொங்கும். அதிக உருப்பெருக்கத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தவரின் அட்டையில் துளையிடுவது புதியவர்களிடம் அடிக்கடி நடப்பது.

எங்கள் கழகத்துக்கு வரும் வன்னி ஐயா ஒருவர் இதை வேறொரு விதமாகச் சொன்னார். இடக்கையில் செல் துண்டு பட்டு விரல்கள் முழுதாக மடங்காதவர் அவர். துவக்கைப் பையில் வைத்துத்தான் சுடுவார். மகன் வாங்கிக் கொடுத்த ஸ்கோப்பை 12 மடங்கில் வைத்திருந்தார். ஒவ்வொரு குண்டுக்கும் இடையில் தலையைத் தூக்கிச் சுற்றிவரப் பார்ப்பார். ஏன் என்று கேட்டேன். "தம்பி, பன்னிரண்டில வைச்சால் உலகம் முழுக்க அந்தக் குழாய்க்குள்ள போயிடுது. பக்கத்தில ஆர் வாறது, போறது எண்டு தெரியாமல் என்னால இருக்கேலாது."

உருப்பெருக்கத்தை 4 ஆகக் குறைத்து, இரண்டு கண்களையும் திறந்தபடி பார்க்கச் சொன்னேன். குறைந்த உருப்பெருக்கத்தில் இரு கண்ணும் பார்ப்பதை மூளை எளிதாகப் பொருத்திக்கொள்ளும். 12 இல் அது கடினம். சில கிழமைகளில் அவர் தலையைத் தூக்குவது குறைந்தது. 20 யார்ட்டில் அவருடைய ஐந்து துளைகளும் ஒரு பவுண்ட் குற்றிக்குள் அடங்கத் தொடங்கின. 12 மடங்கில் அவை அடங்கியதில்லை. எமது சமூகத்தில் இப்படிப்பட்டவர்கள் பலர். அவர்களுக்கு ஸ்கோப் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வயதான கண்களுக்கு

முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், பின்பக்கத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 40 மில்லிமீற்றர் வில்லையில் 4 மடங்குக்கு 10 மில்லிமீற்றர், 10 மடங்குக்கு 4 மில்லிமீற்றர், 24 மடங்குக்கு 1.7 மில்லிமீற்றர்.

ஒளிவட்டம் அகலமாக இருந்தால் கண்ணை வைக்கும் இடத்தில் சிறு பிசகு வந்தாலும் படம் தெரியும். 1.7 மில்லிமீற்றர் என்றால் தலை சற்று அசைந்தாலே படம் இருண்டுவிடும். கழுத்து, தோள் காயம் உள்ளவர்களுக்கு இது பெரும் தொல்லை. கண்ணுக்குள் புள்ளிகள் மிதப்பதாகச் சொல்பவர்களுக்கு, ஒளிவட்டம் சிறுக்கும்போது அந்தப் புள்ளிகள் கூடுதலாகத் தெரியும். மங்கலான உள்ளரங்க வெளிச்சத்தில் படமும் இருளும்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதைப் போட்டபடியே, ஸ்கோப்பை வெள்ளைச் சுவருக்குத் திருப்பி, கண்பக்க வளையத்தைத் திருகிக் குறுக்குக் கோட்டை முதலில் கூர்மையாக்க வேண்டும். அதன் பின்னரே தூரக் குவியத்தைத் தொட வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் எந்த ஸ்கோப்பும் மங்கலாகத்தான் தெரியும்.

ஒரே தூரம், இருவேறு தெரிவுகள்

பிரித்தானியாவில் வெளியரங்கில் நடக்கும் இரண்டு போட்டிகளை ஒப்பிட்டால் உருப்பெருக்கத்தின் பயன் விளங்கும். பீல்ட் டாகெட் எனப்படும் போட்டியில் 8 முதல் 55 யார்ட் வரை, தூரம் சொல்லப்படாத உலோகத் தகடுகளைச் சுட வேண்டும். அங்கே பலர் 35 முதல் 50 மடங்கு வரை வைத்திருப்பார்கள். அதிக உருப்பெருக்கத்தில் தெளிவான எல்லை மிகக் குறுகியது என்பதால், குவிய வளையம் எங்கே கூர்மையாகிறது என்பதைக் கொண்டு தூரத்தையே அளந்துவிடலாம். அவர்களுக்கு ஸ்கோப் ஓர் அளவுநாடா.

எச்எஃப்டி எனப்படும் மற்றப் போட்டியில் தகடுகள் 8 முதல் 45 யார்ட் வரை இருக்கும். ஆனால் தொடங்கிய பின் ஸ்கோப்பில் எதையும் மாற்றக் கூடாது. கிட்டவும் தூரவும் ஒரே அமைப்பில் ஓரளவு தெரிய வேண்டும் என்பதால், அங்கே பெரும்பாலோர் 8 முதல் 10 மடங்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஏறத்தாழ ஒரே தூரங்கள், ஒரே வலுவுள்ள துவக்குகள். விதி மாறியதால் தெரிவும் மாறியது. எனவே "நல்ல ஸ்கோப் எது" என்று கேட்கு முன், "நான் எப்படிச் சுடப் போகிறேன்" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒலிம்பிக் கனவுள்ள பிள்ளைகளுக்கு

இதைப் பெற்றோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஒலிம்பிக்கில் உள்ள 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் தொலைநோக்கி ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. சிறு துளையினூடாகப் பார்க்கும் வட்டக் குறிகாட்டிகள்தான் அங்கே பயன்படுகின்றன. அந்த அட்டையின் பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீற்றர். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காகச் சுட்டதும் அப்படித்தான். பிள்ளை அந்த வழியில் போக விரும்பினால், ஸ்கோப்புக்குச் செலவழிக்கும் காசைச் சேர்த்துவைத்துப் பயிற்றுநரிடம் கேளுங்கள்.

காயமடைந்தவர்களுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. நாசி ஜேர்மனியிலிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்துக்கு அகதியாக வந்த வைத்தியர் லுட்விக் குட்மன், 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஸ்ரோக் மண்டவில் மருத்துவமனையில் போரில் காயமடைந்த 16 பேருக்கு அம்பெய்தல் போட்டி நடத்தினார். பராலிம்பிக்கின் வேர் அது. 1976 ரொறன்ரோ போட்டியில் துப்பாக்கிச் சுடுதலும் சேர்ந்தது. இன்று கையால் துவக்கின் பாரத்தைத் தாங்க முடியாதவர்களுக்கு எஸ்எச்2 என்ற பிரிவு இருக்கிறது. சுருள்வில் பொருத்திய தாங்கியில் துவக்கை வைத்து அவர்கள் சுடுகிறார்கள். பார்வையற்றோர், மையத்தை நெருங்க நெருங்க மாறும் ஒலியைக் காதில் கேட்டுச் சுடும் முறையும் உண்டு.

பூட்டிய பின் கவனிக்க வேண்டியவை

சுருள்வில் துவக்குகள் சுடும்போது பின்னும் முன்னுமாக இருமுறை உதறும். பெரிய துவக்குகளுக்கென்று செய்த விலையுயர்ந்த ஸ்கோப்பும் இந்த உதறலில் பழுதாகலாம். எயார் ரைபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். ஸ்கோப் பின்னுக்கு நகராமல் தடுக்கும் கட்டையும் போடுங்கள். காற்று நிரப்பிய துவக்குகளில் இந்தச் சிக்கல் இல்லை.

ஸ்கோப் குழலுக்கு மேலே ஏறத்தாழ நாலு சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. 25 யார்ட்டுக்குச் சரிசெய்த துவக்கு 10 யார்ட்டில் ஒரு சென்ரிமீற்றர் அளவு கீழே அடிக்கும். ஸ்கோப் பழுது என்று எண்ண வேண்டாம். எந்தத் தூரத்தில் சுடுகிறீர்களோ அந்தத் தூரத்துக்கே சரிசெய்யுங்கள்.

திருகு குமிழின் ஒரு கிளிக் 100 யார்ட்டில் கால் அங்குலம் நகர்த்தும் என்று எழுதியிருக்கும். 10 யார்ட்டில் அது பத்திலொன்று, அதாவது 0.6 மில்லிமீற்றர் சொச்சம். இரண்டு சென்ரிமீற்றர் நகர்த்த ஏறத்தாழ முப்பது கிளிக் வேண்டும். நாலு கிளிக் திருகிவிட்டு ஒன்றும் மாறவில்லை என்று சோர்ந்து போகாதீர்கள்.

சுருக்கமாக

- 10 மீற்றரில் நின்று சுடுபவருக்கு: 4 முதல் 6 மடங்கு.
- இருந்து, முழங்கையை ஊன்றிச் சுடுபவருக்கு: 6 முதல் 8.
- மேசையில் மணற்பை வைத்து 10 முதல் 20 யார்ட்: 8 முதல் 12.
- 25 மீற்றர் மேசைப் போட்டி, துவக்கு முழுவதும் தாங்கியில்: 16 முதல் 24, அதற்கு மேலும் பயன்படுத்துபவர்கள் உண்டு.
- தலையைத் தூக்கிச் சுற்றுப்புறம் பார்க்க வேண்டியிருப்பவர், கழுத்துக் காயம் உள்ளவர், கண்ணில் புள்ளி மிதப்பவர்: எந்த நிலையிலும் மேற்சொன்னவற்றில் குறைந்த இலக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

முதல் ஸ்கோப்பாக 3-9×40 அல்லது 4-12×40 போதும். 10 யார்ட் வரை குவிய வேண்டும் என்பதே நிபந்தனை. துவக்கோடு சேர்ந்து வரும் 4×32 ஸ்கோப்பில் அட்டை தெளிவாகத் தெரிந்தால் அதையே வைத்துக்கொண்டு, மிச்சக் காசை நல்ல ஈயக்குண்டுக்குச் செலவழியுங்கள். வாங்கு முன் கடையிலேயே ஒன்பது, பத்து அடி எட்டி வைத்து, கடைக்காரரின் அனுமதியோடு ஒரு விலைச் சீட்டைப் பார்த்து எழுத்து கூர்மையாகிறதா என்று சோதியுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 அடி-இறாத்தல் வலுவுக்கு மேற்படாத எயார் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் வாங்குபவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். தகுந்த காரணமின்றிப் பொது இடத்துக்குக் கொண்டுபோவது குற்றம். ஸ்கொட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் இதற்கும் சான்றிதழ் வேண்டும். இலங்கையில் உள்ளவர்கள் இந்த விதிகளை வைத்து எதையும் வாங்கவோ வரவழைக்கவோ வேண்டாம். அங்குள்ள சட்டத்தை முதலில் விசாரியுங்கள்.

12 அடி-இறாத்தல் வலு ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பிள்ளையைச் சுட விடாதீர்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் உண்ண விடாதீர்கள். பெரும்பாலான கழகங்களில் இரவல் துவக்கு இருக்கும். காசு கொடுத்து எதையும் வாங்கு முன் இரண்டு, மூன்று மாலை அதில் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு உருப்பெருக்கத்திலும் ஐந்து குண்டு சுட்டு, அட்டையில் அந்த இலக்கத்தைக் குறித்து வையுங்கள். துளைகள் ஆக நெருக்கமாக விழுந்த அட்டையில் உள்ள இலக்கம்தான் உங்களுக்குரியது.